பன்னிரண்டு கட்டம்

மஞ்சக்குப்பம் பெரியாஸ்பத்திரி,
காப்பீட்டு ஜன்னல்.
ஃபேன் என் பக்கம் மட்டும் சுற்றும்.
டோக்கன் நாற்பத்தொன்று என்று கூப்பிட்டதும்
ஐஸ் வாடையோடு ஒரு கை உள்ளே நீண்டது.

செபமாலை. வயது முப்பத்து நான்கு.
முதுநகர் துறைமுகத்தருகே இறால் உரிக்கும் கொட்டகை.
இதயத்தில் ஒரு கதவு சரியாகச் சாத்துவதில்லை என்று
எக்கோ பார்த்த டாக்டர் பச்சை மையில் எழுதியிருந்தார்.
கதவை மாற்றப் புதுச்சேரிக்குப் போக வேண்டும்.
போனால் அங்கே முதலில் கேட்பது
நான் தர வேண்டிய அட்டையை.

ஆதார்?
"இல்ல."
குடும்ப அட்டை?
"இல்ல."
முகாம் அட்டையாவது?
"முகாமுக்குப் போகேல்ல.
மன்னாரில இருந்து இரவோட வந்திறங்கினனாங்கள்,
மாமா கூட்டிக்கொண்டு வந்திட்டார்.
பிறகு பதியப் பயமாப் போச்சுது."
எந்த வருஷம்?
"தானே புயலுக்கு நாலு வருசம் முந்தி.
புயலில கூரை போனது,
அதுக்கும் அட்டைதான் கேட்டவை."

என் திரையில் பன்னிரண்டு கட்டம்.
நிரப்பாமல் அடுத்த பக்கம் திறக்காது.
பன்னிரண்டு பூஜ்யம் போட்டுப் பார்த்தேன்.
சரியான எண்ணை உள்ளிடவும் என்று
சிவப்பாக ஒரு வரி வந்தது.

இங்கே யாரையும் விரட்டுவதில்லை,
அதையும் சொல்லியாக வேண்டும்.
காய்ச்சலுக்கு ஊசி, மூச்சு வாங்கினால் ஆக்சிஜன்,
யாரென்று கேட்காமல் கொடுப்போம்.
மார்பைத் திறப்பதற்குத்தான்
மார்பு யாருடையது என்று தெரிய வேண்டியிருக்கிறது.

எங்கள் வீட்டு அட்டையில் புஷ்பவேணி இருக்கிறாள்.
என் அக்கா. டெங்குவில் போய் மூன்று வருஷம்.
பெயரை நீக்கவில்லை.
அவள் பங்கு அரிசி ஐந்து கிலோ;
மாதாமாதம் அவளுக்குப் பசிக்கிறது.
இருந்திருந்தால் இவள் வயது.
செத்தவளுக்கு ஐந்து லட்சம் வரை காப்பீடு உண்டு,
இதயத்தின் எல்லாக் கதவுகளுக்கும் சேர்த்து.

ஜன்னலுக்குக் குனிந்து, மெதுவாகச் சொன்னேன்.
கைரேகையா?
பதினேழு வருஷ ஐஸ் அவள் விரல்களை
வழித்து வைத்திருந்தது.
எந்திரம் அடுத்தடுத்துத் தவறினால்
மேலதிகாரி கையெழுத்துப் போதும்.
சாப்பாட்டுக்குப் பிறகு அவர் எதையும் படிப்பதில்லை.

பின்னால் நாற்பத்திரண்டு இருமியது.
"உங்கட அக்காவோ?"
ம்.
"மேசையில நான் செத்துப்போனால்
அவ ரெண்டாந்தரம் சாவா.
நான் ஒருக்காலும் செத்திருக்க மாட்டன்.
என்ர மகன் ஆருக்கு அழுகிறது?"

கோபமில்லை அவளுக்கு.
கை வைத்திருந்த இடத்தில் மேடை ஈரமாகியிருந்தது,
அதைச் சேலைத் தலைப்பால் துடைத்தாள்,
கடன் வைத்துவிட்டுப் போகக் கூடாது என்பதுபோல.

பக்கத்தை மூடினேன்.
சேமிக்கவா என்று கேட்டது.
சேமிக்க அதில் ஒன்றுமில்லை.

டீக்குப் போகையில் பார்த்தேன்,
மருந்து ஜன்னலில் நின்றிருந்தாள்.
நீர் இறக்கும் மாத்திரை பத்து நாளுக்கு,
கூடவே பாதியாக உடைத்துப் போட வேண்டிய
சின்ன வெள்ளை ஒன்று.
அங்கே பேர் மட்டும் கேட்டார்கள்.
சொன்னாள்.
செபமாலா என்று எழுதியதை எட்டிப் பார்த்து
லை, லை என்று
கண்ணாடியைத் தட்டிக்கொண்டிருந்தாள்.